பெயரில்லாத பட்டன்கள்

— இந்தப் புதுக் கொம்பியூட்டர் திரும்பவும் பட்டன், பட்டன், பட்டன் எண்டுதான் வாசிச்சுச் சொல்லுது. என்ன பட்டன் எண்டு சொல்லுதில்லை. மூடு செலீன், போதும்.

— பொறுங்கோ அண்ணை. இன்னும் ஒரு சொவ்ட்வெயார் இறக்கி வைச்சிருக்கிறன். அதையும் பாப்பம்.

— என்னத்தைப் பாக்கிறது? முதல் போட்டது வாயே திறக்கேல்லை. மற்றது மவுஸ் இல்லாட்டி அசையாதாம். கண் தெரியாத இந்த யோசெப்புக்கு மவுஸ்! பழைய கொம்பியூட்டர் செத்த அண்டைக்கே என்ர கதையும் முடிஞ்சுது.

— அப்பிடிச் சொல்லாதேங்கோ.

— வேற எப்பிடிச் சொல்ல? என்ர மனிசி, உன்ர மச்சாள், செத்துப்போனாப் பிறகு வில்லரேயில இந்த வீட்டில என்னோட ஆர் கதைக்கினம்? கொம்பியூட்டரில எழுதிக் கதைக்கிற அந்த நியூஸ்குறூப் ஒண்டுதான். எல்லாம் என்னைப்போலக் கண் தெரியாத சனம். கை சுடாமல் தேத்தண்ணி ஊத்திறது எப்பிடி எண்டு ஒருத்தன் எழுதுவான். தன்ர நாய் செத்ததை ஒருத்தி எழுதுவாள். கொம்பியூட்டர் வாசிச்சுச் சொல்லும், நான் பதில் போடுவன். இப்ப ஒரு மாசமா நான் இல்லை. செத்திட்டன் எண்டு நினைச்சிருக்குங்கள்.

— இஞ்சை, கையைத் தாங்கோ. இது வெறும் எழுத்து மட்டும். படமும் இல்லை, மவுஸும் இல்லை. கீழ் அம்புக்குறியை அமத்துங்கோ.

— …வாசிக்குது.

— பாத்தீங்களே! நான் சொன்னனான்.

— வாசிச்சு என்ன? பதில் போட எந்தக் கீ?

— எஃப். அடுத்ததுக்கு என். வெளியில வாறதுக்கு கியூ.

— பழசில ஒண்டும் இப்பிடி இல்லை. இந்த வயசில இதெல்லாம் என்ர மண்டையில ஏறாது, பிள்ளை. விடு. நீயே வாசி. நான் சொல்லச் சொல்ல நீ எழுது.

— ஏலாது அண்ணை.

— ஏன் ஏலாது? கிழமையில ஒருக்கா வாறனிதானே.

— பியர்பொன்ட்ஸிலயிருந்து பஸ் மாறி மாறி வாறன். அது இனி எவ்வளவு காலத்துக்கு எண்டு தெரியாது.

— ஓ. தமையன் பாரமாப் போனன். அதை நேர சொல்லு.

— விசர்க் கதை கதைக்காதேங்கோ.

— அப்ப ஏன் விடியத் துவங்கி இதோட மல்லுக்கட்டிறாய்? எனக்கே அலுத்துப்போச்சு. நீதான் விடுறாயில்லை.

— நீங்கள் பழகினால்தான் எனக்குச் சொல்லித் தரலாம்.

— உனக்கு என்னத்துக்கடி? உனக்கென்ன, கண் தெரியாதே?

— போன கிழமை கண் டொக்டர் சொன்னவர், உங்கட கண் வருத்தம்தானாம் எனக்கும். ஓரமெல்லாம் இருண்டுபோச்சு, அண்ணை… இப்ப உங்கட முகத்தில பாதிதான் தெரியுது.