பதினேழாம் பக்கத்து மேற்கோள்

அவைக்கு அழகு சேர்த்து அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே, என் கட்டுரையைச் சிவப்பு மையால் குளிப்பாட்டிய பேராசிரியர் அம்மையார் அவர்களே, நரைத்த தலையும் நிறைந்த நெஞ்சுமாய் முன்வரிசையை நிரப்பியிருக்கும் மூத்தோர்களே, வேலை முடித்த களைப்போடு வந்திருக்கும் தாய்மார்களே, கட்டுரை எழுதக் கலங்கி நிற்கும் செவிலிய மாணவச் செல்வங்களே, யாவர்க்கும் என் பணிவார்ந்த வணக்கம்.

மேற்கோளைக் கையாள்வது எப்படி என்று பேச அழைத்தார்கள். அந்தத் தகுதியை எனக்குத் தந்தது பொறாமை.

எங்கள் வீட்டில் இரண்டு மருமகள்கள். நான் மூத்தவள். என் கொழுந்தனாரின் மனைவி இளையவள். இருவரும் செவிலியர், இருவருக்கும் ஒரே மேற்படிப்பு, ஒரே தலைப்பு: மருத்துவமனைத் துணியும் தொற்றுத் தடுப்பும். ஒரே சாப்பாட்டு மேசையின் இரு முனைகளில் அமர்ந்து எழுதினோம். நானோ அறிஞரை அடுக்கினேன், ஞானியரை நிரப்பினேன், பத்திக்கொரு பழமொழி பதித்தேன். மொத்தம் முப்பத்தொரு மேற்கோள்கள். பின்வரிசையில் சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். ‘இத்தனை பேர் பேசுகிறார்கள், நீங்கள் எப்போது பேசுவீர்கள்?’ என்று பேராசிரியர் ஓரத்தில் எழுதியிருந்தார்.

இளையவள் வைத்ததோ ஒரே ஒரு மேற்கோள். பதினேழாம் பக்கம்.

“கறையப் பாத்தாலே எந்த வார்டுல ஆள் பத்தலைன்னு சொல்லிருவேன்.”

சொன்னவர், பெயர் குறிப்பிட விரும்பாத ஒரு சலவைக்கூடத் தொழிலாளி. அந்த ஒற்றை வரியை ஊன்றி, வார்டுகளின் பணிப்பட்டியலைச் சலவைப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, ஆள் குறைந்த நாளில் விரிப்பு மாற்றத் தாமதமாகிறது என்று நிறுவியிருந்தாள். கல்லூரியே கைதட்டியது. எனக்கு வயிறு எரிந்தது.

எரிந்த வயிறு சும்மா இருக்குமா? அந்த மேற்கோள் இட்டுக்கட்டியது என்று புகார் எழுதினேன். ‘என் தாயும் சலவைக்கூடத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர்தான். இப்படியொரு வரி அவர் வாயில் வந்ததே இல்லை’ என்று ஆதாரமும் காட்டினேன். ஒரே வீட்டுப் பெண் என்று பார்த்தேனா? பார்க்கவில்லை. அவள் பட்டம் பறிபோகுமே என்று பதறினேனா? பதறவில்லை.

விசாரணை அறையில் இளையவள் கைபேசியை மேசைமேல் வைத்து ஒலிப்பதிவை ஓடவிட்டாள். ஒரு குரல் முதலில் இருமியது. அந்த இருமலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. என்னைப் பெற்றவளின் குரல். நான்கு பிற்பகல்கள் இளையவள் போய் என் அம்மாவின் அருகில் அமர்ந்து கேட்டிருக்கிறாள்.

அன்றே அம்மாவிடம் ஓடினேன்.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேம்மா?”

தலையணை உறையை மடித்துக்கொண்டே சொன்னார்: “நீ கேக்கலையேடி. அவ கேட்டா, சொன்னேன்.”

புகாரைத் திரும்பப் பெற்று இளையவளிடம் மன்னிப்புக் கேட்டேன். “விடுங்கக்கா” என்றாள். ஆனாலும் இரண்டு வாரம் மேசைப் பக்கமே வரவில்லை.

என் கட்டுரையைத் திருத்த அமர்ந்து முப்பத்தொன்றையும் அடித்துவிட்டேன். அந்த ஒரு வரி மட்டும் எனக்கும் வேண்டியிருந்தது. என் அம்மா சொன்னதுதானே, அப்படியே எடுத்துக்கொள்ளலாமா என்று பேராசிரியரைக் கேட்டேன். கேட்டு எழுதியவரின் பெயரைப் போட்டுத்தான் எடுக்க வேண்டும் என்றார். பெற்றவள் என் தாய், பேசியவள் என் தாய், அடிக்குறிப்பில் அமர்ந்திருப்பது இளையவள் பெயர்! எழுதினேன். பல்லைக் கடித்துக்கொண்டு, பக்க எண்ணோடு எழுதினேன்.

மாணவச் செல்வங்களே, உங்கள் வாதத்தைத் தாங்காத வரியை, எத்தனை பெரியவர் சொன்னதானாலும் எடுத்துவிடுங்கள். தாங்கும் வரியைத் தந்தவர் யாரென்று எழுதுங்கள். உங்களுக்கு ஆகாதவரா? எழுதுங்கள். உங்களை வென்றவரா? அவசியம் எழுதுங்கள்.

பொறாமை தீர்ந்ததா என்கிறார் ஒரு தாய். தீரவில்லை அம்மா. இந்த நேரத்தில்கூட இளையவள் என் அம்மா வீட்டில்தான் இருக்கிறாள், அடுத்த கட்டுரைக்காக. ஆகவே உரையைச் சுருக்கிக்கொள்கிறேன். நானும் போய்க் கேட்க வேண்டும். பொறுமையோடு செவிகொடுத்த உங்கள் அனைவருக்கும் நன்றி, வணக்கம்.