கொதிக்காத சட்னி

செவ்வாய்க்கிழமை, காலை 7.42, மேகமூட்டம். கும்மிடிப்பூண்டி மின்ரயிலில் என் எதிரே ஓர் ஆலை கேன்டீன் சமையற்காரரும், ஆய்வகத்தில் வேலை பார்க்கும் அவர் தங்கையும். சமையற்காரருக்கு டைபாய்டு காய்ச்சல் விட்டு ஒன்பது நாளாம்.

“அந்தக் கிருமி ஊசி வச்சிகினு இருக்குதுண்ணா,” என்றாள் தங்கை.

“கிருமிக்கு இன்னாத்துக்கும்மா ஊசி? அதுவும் நர்ஸா?”

“குடல் சுவரு கிட்ட வந்தாத்தான் ஊசிய நீட்டும். அது வழியா தன் புரதத்த நம்ம செல்லுக்குள்ள ஏத்தி, வழி பண்ணிக்கும். உள்ள போனதும் அத நிறுத்திட்டு வேற ஊசி எடுக்கும். எடம் பாத்துதான் எல்லாம். காய்ச்சல் விட்டாலும் பித்தப்பையில சும்மா குந்திகினு, மலத்துல வெளிய வந்துகினு இருந்தா உனக்குத் தெரியவே தெரியாது.”

“எனக்குத்தான் காய்ச்சல் இல்லியே. இன்னிக்குப் போவலன்னா மேனேஜரு வேற ஆள வச்சிடுவாரு.”

“மலப் பரிசோதனை ரிசல்ட்டு இன்னும் வரல. முந்நூறு பேரு துன்றாங்கண்ணா.”

“சாம்பார் கொதிக்குது. அதுல எந்தக் கிருமி பொழைக்கும்?”

“சட்னி கொதிக்குதா?”

அவர் சட்னி அள்ளும் தன் வலது கையைப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார்.

“சார், ரிசல்ட்டு வர்ற வரைக்கும் நான் வரல. வேற ஆள வச்சிக்கோங்க.”

நான் இறங்க வேண்டிய பொன்னேரி அதற்குள் போய்விட்டது. கவரைப்பேட்டையிலிருந்து திரும்பிவர ஐந்து ரூபாய்.