ஒட்டுக்கு அடியில் ஒரு கதவு

மாலை ஏழு மணி. மியூசியத்துக்குப் பின்னால் போகும் சாலை... விளக்குக் கம்பம் உண்டு, விளக்குத்தான் கிடையாது. இது என் சிநேகிதியின் அண்ணிக்கு நடந்தது. நம்பாதவர்கள் இப்போதே எழுந்து அந்தச் சாலையில் ஒரு நடை போய்வரலாம்.

கிழிந்த பழைய காகிதங்களை ஒட்டிச் சீராக்குவது அண்ணியின் வேலை. மியூசியத்தில் 'ஒட்டுக்காரி' என்றுதான் கூப்பிடுவார்கள். வருஷக்கணக்காகத் தற்காலிக வேலைதான். புருஷன் போனபிறகு அந்தச் சம்பளத்தை விட்டால் அவளுக்கு நாதியில்லை.

அன்று எல்லோரும் போனபிறகும் அவள் கிளம்பவில்லை. மேஜைமேல் எழுபது வருஷத்துக்கு முந்தைய பத்திரிகைக் கார்ட்டூன், கையால் வரைந்த மூலப்படம். பஞ்சாலை தீப்பிடித்து ஆட்கள் செத்ததைப் பற்றியது. ஆலை முதலாளி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார். அவருக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைக் காகிதம் ஒட்டியிருந்தது. அதன்மேல் பத்திரிகை ஆசிரியரின் நீலப் பென்சில்: 'வேண்டாம்.' ஆலைக்கும் பத்திரிகைக்கும் முதலாளி ஒருவர்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருந்தார்கள்.

ஈரப் பஞ்சை வைத்து ஒட்டை மெல்ல உரித்தாள். குப்பென்று கருகல் நாற்றம்... அடியில் ஒரு கதவு. வெளியே பெரிய பூட்டு. கதவிடுக்கில் நாலு விரல்.

ட்டக்... ட்டக்...

காகிதத்தில் காதை வைத்தாள். உள்ளேயிருந்துதான்.

மறுநாள் மேலதிகாரியிடம் போனாள். "இதை இப்படியே மாட்டலாம் சார். பூட்டி வெச்சதாலதான் செத்தாங்கன்னு நாலு பேருக்குத் தெரியட்டுமே."

அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. "இந்தக் கட்டடமே அந்த முதலாளி குடும்பம் குடுத்ததும்மா. கண்காட்சித் திறப்பு விழாவுக்கு அவரோட பேரன் வர்றார். அன்னிக்குத்தான் உன் பர்மனென்ட் ஆர்டரும் கையெழுத்தாகுது. எடுத்ததை எடுத்த இடத்துல வெச்சுடு."

அழுதுகொண்டே பசை கலக்கினாள். ஒட்டை வைத்து அழுத்தியபோது அடியிலிருந்து தட்டியது விரல் நுனியில் தெரிந்தது. இன்னும் அழுத்தினாள்... நின்றுவிட்டது.

விழா நடந்தது. பேரனுக்கு மாலை. அவளுக்கு வேலை நிரந்தரம். ஆர்டரைப் பையில் வைத்துக்கொண்டு அந்தச் சாலையில் நடந்தாள். பின்னாலேயே பசை வாடை... சரியாகக் கை கழுவவில்லை போல என்று நினைத்துக்கொண்டாள்.

விடிந்ததும் என் சிநேகிதி போனாள். அவளுக்கும் அண்ணிக்கும் ஏழாம் பொருத்தம்தான், இருந்தாலும் நல்ல சேதிக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? கதவில் ஏதோ நோட்டீஸ் ஒட்டியிருந்தது. பூட்டு இல்லை, தாழ்ப்பாள் இல்லை. தள்ளியதும் திறந்தது.

வாசலை ஒட்டி உள்ளே தரையில் கிடந்தாள் அண்ணி. கையிரண்டும் வீங்கி, நகமெல்லாம் ரத்தம். கதவின் உள்பக்கமும் ரத்தம்.

"ராத்திரி பூரா தட்டினேனே... ஒருத்தருக்குமா கேக்கல?"

சுவரோடு சுவர் ஒட்டின வீடுகள். ஒருத்தருக்கும் கேட்கவில்லை.

சிநேகிதி அப்போதுதான் அந்த நோட்டீஸைத் திரும்பிப் பார்த்தாள். உள்ளங்கை அகலம். நீலப் பென்சில். 'வேண்டாம்.'

தொட்டுப் பார்த்தாளாம்... பசை இன்னும் காயவில்லை.