செவலையின் வயிற்றில்

— தனம் அக்கா, கோவிச்சுக்காதீங்க. நீங்க குடுத்தது செவலைக் கன்னோட சாணிதானா?

— என்ன ஷர்மினி டாக்டர், இப்படிக் கேக்குறீங்க? அது போட்ட உடனே நானே குப்பியில அள்ளினேன் லா.

— லேப்ல எல்லாரும் தலையப் பிச்சுக்கிட்டு இருக்கோம்.

— அலமாக்! ஐயோ, ஏதாவது நோயா? மத்த மூணு கன்னும் பேதியிலயே போயிருச்சு. மிச்சம் இது ஒண்ணுதான்.

— நோய் இல்லக்கா. சாணியில இருக்குற எல்லாக் கிருமியோட டிஎன்ஏவையும் ஒண்ணாப் படிப்போம்னு சொன்னேன்ல? ஒரு கம்பத்துல வீடு வீடாப் போயி யார் யார் குடியிருக்காங்கன்னு பாக்குற மாதிரி?

— சொன்னீங்க. நல்ல கிருமியும் இருக்கும்னீங்க.

— ஆமா. செவலை வயித்துல ஒண்ணு கூட்டமா இருக்கு. அது தாய்ப்பால் குடிக்கிற மனுசப் பிள்ளைங்க வயித்துல வளர்றது. வீட்டுல கைக்குழந்தை இருக்கா? பாம்பர்ஸ் மாத்தின கையோட குப்பியத் தொட்டுட்டீங்களோன்னு...

— எங்க வீட்டுல குழந்தை இல்ல டாக்டர்.

— பக்கத்து வீட்டுல?

— ரெங்கம் டவுன் வரைக்கும் செம்பனைத் தோட்டந்தான். பக்கத்துல யாரு இருக்கா?

— அப்ப செவலைய லேப்புக்குக் கொண்டு போய்ப் பாத்தாத்தான் தெரியும். நாளைக்கு லோரி அனுப்புறேன்.

— ஐயோ, அதக் கொண்டு போகாதீங்க!

— ஒரு வாரந்தான்க்கா. அதே கொட்டாயி, அதே பால்மாவு. மூணு செத்து, இது மட்டும் எப்படிப் பொழச்சுச்சு? தெரிஞ்சா மத்தவங்க கன்னுக்கும் ஒரு வழி பொறக்கும்ல?

— அது இல்லாம ஒரு வாரம் என்னால இருக்க முடியாது.

— என்னக்கா நீங்க, வெறும் கன்னுக்குட்டிக்குப் போயி அழுவுறீங்க?

— சாம்பிள் கெட்டுப் போகல டாக்டர். உங்க மிஷின் சரியாத்தான் சொல்லுது.

— புரியலக்கா.

— நான் செஞ்சது எங்க வீட்டுக்காரருக்குக் கூடத் தெரியாது. நீங்களும் சொல்லக் கூடாது.

— சொல்ல மாட்டேன்.

— தைப்பூசத்துக்கு முந்தின வாரம் எனக்குப் பிள்ளை பொறந்துச்சு. பொம்பளப் பிள்ளை. அழவே இல்ல.

— அக்கா... அண்ணன் ஒரு வார்த்தை சொல்லலியே.

— சொல்ல என்ன இருக்கு? ஆஸ்பத்திரியில இருந்து வெறுங்கையோட வந்தோம். அன்னைக்குத்தான் செவலை பொறந்துச்சு.

— அப்ப, அந்தப் பால்...

— பிள்ளை இல்லேன்னு எனக்குத் தெரியுது, என் மாருக்குத் தெரியல டாக்டர். கீழ கொட்ட மனசு வரல. புட்டியில பீச்சி செவலைக்குக் குடுத்தேன்.