மஞ்சள் காட்டிய ஒழுக்கு

உடுமலைப்பேட்டையிலிருந்து மதுக்கரைக்குப் போகும் பழைய லாரி பாதி வழியில் ஆவி கக்கி நின்றுவிட்டது. பின்னால் மூட்டைகளின் மேல் ஒரு கல்யாணப்பெண், அவள் தாய், நான்.

"எங்க ஒழுகுதுன்னே தெரியலீங்க, எல்லாம் நனைஞ்சு கெடக்குது. ரேடியேட்டர்ல ஓட்டைன்னா வண்டி இன்னைக்கு நகராதுங்க," என்றார் டிரைவர்.

"ஏனுங்க, மஞ்சத்தூளைக் கரைச்சு ஊத்திப் பாருங்க. ஒழுகற எடம் மஞ்சளாத் தெரியுமில்லீங்க?" என்ற தாய், சீர்க்கூடையைப் பிரித்து மஞ்சள்தூளை எடுத்துக் கொடுத்தாள்.

எஞ்சின் ஆறியதும் டிரைவர் கரைத்து ஊற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"ரப்பர் குழாய்தானுங்க. ரேடியேட்டர் தப்பிச்சுது."

துணியைச் சுற்றிக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். லாரி கிளம்பியது.

"சீர் மஞ்சள் கொறஞ்சுபோச்சுங்களே. மாப்பிள்ளை ஊட்டுல கேட்டா என்னங்க சொல்றது?" என்று என்னிடம் கேட்டாள் தாய்.

"பொண்ணு முகூர்த்தத்துக்கு வந்து சேர்ந்துருச்சுன்னு சொல்லுங்க, அம்மணி," என்றேன்.