பின் வீட்டு வைஃபை

விஜயநகரிலிருந்து ஹெப்பாள் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். “அந்த பாக்ஸ் கெட்டுப்போயே இருக்கட்டும், விடுங்க” என்று அவள் சொன்னதும் என் காது அங்கே போய்விட்டது.

“எப்படி விடறது? நம்ம வீட்லேருந்து அப்பா இருக்கிற பின் வீட்டுக்கு கேபிள் இழுத்து, அங்கேயும் வைஃபை வர்றதுக்கு மெஷ் பாக்ஸ் மாட்டியாச்சு. பகல்ல நல்லா வருது. சாயங்காலமானா போயிடுது. கேபிளைக்கூட மாத்திட்டேன்.”

“கேபிள்ல ஒண்ணும் இல்ல. மாமாதான் ஸ்விட்சை ஆஃப் பண்றாரு. துணி எடுக்கப் போனப்ப பாத்தேன்.”

“ஹௌதா, நிஜமாவா? எதுக்கு?”

“நெட் இல்லேன்னாதானே போனை எடுத்துக்கிட்டு நம்ம ஹாலுக்கு வரலாம், பாப்பாவை மடியில வெச்சுக்கலாம். பாக்ஸ் மாட்டினப்புறம் அவரை வாங்கன்னு யாரு கூப்பிட்டோம்?”

அடுத்த ஸ்டாப் வந்ததும் அவன் போனை எடுத்து அப்பாவைக் கூப்பிட்டான்.

“அப்பா, பாக்ஸ் சரியாக நாளாகும் போல. தினம் சாயங்காலம் நம்ம ஹாலுக்கே வந்துடுங்க.”

அந்தப் பக்கம் அப்பா வெகுநேரம் பேசினார்.

“ஆமாப்பா” என்றான் அவன். “ரொம்ப மட்டமான பாக்ஸ்.”