நாலு விரல்கடை

சார், உங்களுக்கு ஆட்சேபணை இல்லையென்றால் நாற்காலியைக் கொஞ்சம் இப்படி இழுத்துப் போட்டுக்கொள்கிறேன். யாரிடம் பேசினாலும் அவருக்கு இடது பக்கத்தில் உட்கார்ந்தால்தான் எனக்கு வார்த்தை கோர்வையாக வரும். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன் வேறு எந்தப் பக்கம் உட்காருவான்?

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பேசிக்கொண்டிருக்கும்போதே என் வலது கால் தரையை டொக்கென்று மிதிக்கும். பயந்துவிடாதீர்கள். எங்கள் காரில் இடது பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் கோட்டை விட்டால் நான் மிதிப்பேன். மிதித்து மிதித்து அந்தக் கால் தனி ஆளாகிவிட்டது, என் பேச்சைக் கேட்பதில்லை. டிவியில் லாரி வந்தால் மிதிக்கும். பேரன் மூன்று சக்கர சைக்கிளில் சோபாவை நோக்கி வந்தால் மிதிக்கும். தூக்கத்தில்கூட மிதித்திருக்கிறது. “தரை என்ன பாவம் பண்ணிச்சு, விட்டுடுங்களேன்” என்பாள் என் மனைவி. நான் எங்கே விட, அதுதான் என்னை விடமாட்டேன் என்கிறது.

நீங்கள் குடைக்காரர் செத்துப்போனதைப் பற்றிக் கேட்கக் கூப்பிட்டிருக்கிறீர்கள். அதற்குத்தான் வருகிறேன். ஆனால் பெஞ்சிலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்குப் புரியும்.

ஓட்டுநர் தேர்வு நடக்கும் மைதானத்தின் ஓரத்தில் தகரக் கூரை போட்ட ஒரு டீக்கடை. அதன் முன்னால் ஒரு நீள பெஞ்சு. எங்கள் மாணவர்கள் உள்ளே எட்டுப் போட்டுக்கொண்டிருக்க, நாங்கள் வெளியே உட்கார்ந்திருப்போம். லாரிக்காரர் வருவார், பஸ் ஓட்டுகிறவர் வருவார், ஆம்புலன்ஸ் ஓட்டும் என் மச்சான் வருவான். வண்டி ஓட்டுகிறவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு ஒன்றே ஒன்றுதான், நான் எப்படித் தப்பித்தேன் என்பது. லாரிக்காரர் முட்டை லோடோடு கவிழ்ந்தவர். நாற்பதாயிரம் முட்டையில் ஒன்று தேறவில்லை, இவருக்கு நகத்தில்கூடக் கீறல் இல்லை. மஞ்சள் கருவில் நடந்து வந்து போலீஸுக்குப் போன் பண்ணினாராம். பஸ்காரர் ஓட்டிக்கொண்டிருக்கும்போது ஒரு சக்கரம் அவரைத் தாண்டி முன்னால் உருண்டு போயிருக்கிறது. யாருடைய சக்கரமோ, பாவம் என்று நினைத்தாராம். இதையெல்லாம் நூறு தடவை கேட்டிருக்கிறேன். நூறு தடவையும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன்.

என்னிடம் மட்டும் கதை இல்லை. ஒரு உரசல் கிடையாது, ஒரு கண்ணாடி உடைந்தது கிடையாது. நான் வாயைத் திறந்தால் லாரிக்காரர் டீ கிளாஸைக் கழுவ எழுந்து போவார். ஒருநாள் சொல்லியே விட்டார். “உன்கிட்ட கால் இருக்குய்யா, கதைதான் இல்ல.” எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் சுருக்கென்று தைத்தது சார், பொய் சொல்லமாட்டேன்.

முதல் சம்பவம் தானாக நடந்தது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், தானாக. ரொட்டிக்கடைக்காரர் ஒருவர் என்னிடம் பழகிக்கொண்டிருந்தார். ஆள் பெரிய உருவம், ஸ்டியரிங்குக்கும் வயிற்றுக்கும் நடுவில் காற்றுப் போக இடமில்லை. சந்து முனையில் நான் வழக்கம்போல “கண்ணாடி பாருங்க” என்றேன். அவர் பின்னால் வருவதைப் பார்க்கக் கண்ணாடியை நிமிர்ந்து பார்த்த நேரம், பெயின்டர் ஒருவன் தோளில் ஏணியோடு சந்திலிருந்து வந்துவிட்டான். என் கால் மிதித்தது. கார் நின்றபோது எங்கள் முன்விளக்கு ஏணியின் இரண்டு படிகளுக்கு நடுவில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. உடைசல் எதுவும் இல்லை. ஏணிக்காரன் திரும்பிப் பார்த்தான். நாங்கள் அவனைப் பார்த்தோம். உயிர் போய் உயிர் வந்த அந்த நிமிஷத்தில் யார் முதலில் ஆரம்பித்தார்கள் என்று தெரியவில்லை, மூன்று பேரும் சிரிக்கத் தொடங்கிவிட்டோம். நிறுத்த முடியவில்லை. ரொட்டிக்காரர் சிரித்த சிரிப்பில் ஹாரன் தானாக அடித்தது. அதைக் கேட்டு இன்னும் சிரித்தோம். பிறகு அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கண்ணீரோடு சொன்னார். “மாஸ்டர், உங்க கால் கடவுளோட கால்.”

அன்று சாயங்காலம் பெஞ்சில் கதை சொன்னேன். லாரிக்காரருக்கு மூக்கு வழியாக டீ வந்தது.

அடுத்த வாரமே ரொட்டிக்காரர் தேர்வில் பாஸானார். மூன்று தடவை கோட்டை விட்டவர். ஒரு தடவை நன்றாகப் பயந்தவன் அதற்கப்புறம் ஒழுங்காக ஓட்டுகிறான், இது என் அனுபவம். ஆகையால் மற்றவர்களுக்கும் அந்த ஒரு பயத்தைக் கொடுத்து அனுப்புவது என் கடமை என்று பட்டது. கற்றுக்கொடுக்கிறவன் ஒருவனுக்குக் கொடுத்துவிட்டு இன்னொருவனுக்கு மறைக்கலாமா?

வழி சுலபம். “கண்ணாடி பாருங்க.” இதில் தப்பான வார்த்தை எது என்று நீங்களே சொல்லுங்கள். எந்தப் பாடப் புத்தகத்திலும் இருக்கும். இதைச் சொன்னால் ஓட்டுகிறவர் கண் மேலே போகும், ஒன்றரை நொடி சாலை அவருக்கு இல்லை. அந்த ஒன்றரை நொடியை எங்கே வைப்பது என்பதுதான் என் வேலை. அந்தத் தெருக்கள் எனக்கு மனப்பாடம். சலூன்காரர் எத்தனை மணிக்குத் துண்டை உதறிக்கொண்டே பின்பக்கமாக நடந்து வருவார், தபால்காரம்மா எந்தக் கேட்டிலிருந்து முகவரியைப் படித்துக்கொண்டே இறங்குவாள், எல்லாம் தெரியும். பள்ளிக்கூடப் பிள்ளைகளை நான் எடுத்துக்கொண்டதே இல்லை. ஒரே ஒரு தடவை. அதுவும் கொஞ்சம் வளர்ந்த பிள்ளை, நன்றாக ஓடக்கூடிய பிள்ளை.

அந்த ஒரு வருஷம் என் கால் தரையில் படவில்லை சார். மிதிப்பேன், கார் குலுங்கி நிற்கும், பக்கத்தில் இருப்பவர் முகம் வெளுக்கும், பிறகு அந்தச் சிரிப்பு பீறிட்டு வரும். வெட்கமில்லாத சிரிப்பு. ஒரு பள்ளிக்கூடத் தலைமையாசிரியை, சிரித்தே பழக்கமில்லாதவர், சாலையோரம் காரை நிறுத்திவிட்டு இரண்டு கையாலும் டாஷ்போர்டைத் தட்டித் தட்டிச் சிரித்தார். எல்லாரும் எனக்கு நன்றி சொன்னார்கள். பெஞ்சில் எனக்கென்று நடுவில் இடம் விட்டார்கள். வீட்டில் மனைவி, பத்து வயசு குறைந்த மாதிரி இருக்கிறீர்களே, என்ன விஷயம் என்று கேட்டாள். பாடிக்கொண்டே குளித்தேன்.

குடைக்காரர் எனக்கு அப்படித்தான் பழக்கம். காலையில் நூலகத்தில் எல்லாச் செய்தித்தாளையும் படித்துவிட்டு, பத்து மணி பத்து நிமிஷத்துக்குச் செடி வேலி மறைக்கும் அந்த முனையில் சாலையைக் கடப்பார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மனிதர். வெயிலோ மழையோ குடை விரித்தே இருக்கும். மனிதர் தவறினாலும் நேரம் தவறாது. முதல் தடவை எங்கள் காருக்கும் அவருக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தது. துள்ளிக் குதித்து நடைபாதைக்கு ஓடினார், குடை மட்டும் சாலையிலேயே நின்றது. நான் இறங்கிப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் என் காலைப் பார்த்துக் கும்பிட்டார்.

நான்காவது தடவைக்கு அவர் ஓடவில்லை. ஏழாவது தடவை அவரே சிரித்துவிட்டார். கார் ஜன்னல் பக்கம் குனிந்து, “என்ன மாஸ்டர், நான் இன்னும் இருக்கேனா?” என்று கேட்டார். “இருக்கீங்க, இருக்கீங்க, போய்ட்டு வாங்க” என்றேன். அதுவே எங்களுக்குள் வாடிக்கையாகிவிட்டது. ஒருநாள் ரொட்டிப் பொட்டலத்தோடு பெஞ்சுக்கே வந்தார். இந்தக் கத்துக்குட்டிகளிடமிருந்து இவர் பதினோரு தடவை என் உயிரைக் காப்பாற்றியிருக்கிறார் என்று எல்லாரிடமும் சொன்னார். நல்ல மனிதர். அவர் மேல் எனக்கு உண்மையிலேயே பிரியம் உண்டு.

சரி, சிஸ்டருக்கு வருகிறேன்.

சிஸ்டர் ஒரு மருத்துவமனை நர்ஸ். படுத்த படுக்கையாய் இருப்பவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் வேலைக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள், காரும் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். மாதக் கடைசிக்குள் லைசென்ஸ் வாங்கவேண்டும், இல்லையென்றால் வேலை அடுத்தவருக்குப் போய்விடும். அவளுடைய அப்பாவே படுக்கையில் இருப்பவர். பகலில் நடுவில் வீட்டுக்கு வந்து அவருக்கு ஒரு வாய் கொடுக்க முடிகிற வேலை இது ஒன்றுதான். அதனால் உயிரைக் கொடுத்துக் கற்றுக்கொண்டாள். நாலாவது நாள் சலூன்காரரை வைத்து அவளுக்குப் பயத்தைக் கொடுத்தேன். என்ன சிரிப்பு அது. விக்கல் வந்துவிட்டது அவளுக்கு, விக்கலோடு சிரித்தாள்.

ஆனால் இரண்டாவது தடவை தபால்காரம்மாவுக்கு ஒரு சாண் இருக்கும்போது நிறுத்தினேன், சிஸ்டர் சிரிக்கவில்லை. பயப்படவும் இல்லை. “நீங்கதான் இருக்கீங்களே மாஸ்டர்” என்று கியரை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

இது எனக்குப் புது அனுபவம். வீட்டுக்குப் போயும் ஏதோ குறைவது போலவே இருந்தது. யோசித்துப் பார்த்தேன். முழம் பழகிவிட்டது, சாண் பழகிவிட்டது. நாலு விரல்கடையில் நின்றால்? அப்படி ஒன்றை எந்த லாரிக்காரனும் பார்த்திருக்கமாட்டான். அதற்கு ஒரு நொடி பொறுத்து மிதித்தால் போதும். கணக்காகத்தான் இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை. பளீரென்று வெயில். பத்து மணி பத்து நிமிஷம். வேலி முனை. “கண்ணாடி பாருங்க சிஸ்டர்” என்றேன். பார்த்தாள். குடை வெளியே வந்தது.

அவள் கண்ணைக் கீழே இறக்கிக் குடைக்காரரைப் பார்த்துவிட்டாள், இதை நீங்கள் நம்பவேண்டும். ஆனால் அவள் கால் பிரேக்குக்குப் போகவில்லை. மாஸ்டர்தான் இருக்கிறாரே. குடைக்காரரும் எங்களைப் பார்த்துவிட்டார். அரை அடி பின்னால் வைத்திருந்தால் போதும், நடைபாதை அங்கேதான் இருக்கிறது. அவர் வைக்கவில்லை. காரின் தலையில் இருக்கும் பலகையைப் பார்த்து, எங்கள் கார்தான் என்று தெரிந்ததும் சாலையில் அப்படியே நின்று, என் பக்கம் திரும்பி, குடையைத் தலைக்கு மேல் தூக்கி வணக்கம் வைத்தார். முகமெல்லாம் சிரிப்பு. இன்னும் இருக்கேனா என்று கேட்கத்தான் வாயைத் திறந்தார் என்று நினைக்கிறேன்.

அப்புறம் மிதித்தேன். நாலு விரல்கடை இல்லை.

சிஸ்டர் கதவைக்கூட மூடாமல் ஓடினாள். வெயிலில் மண்டிபோட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தாள். இருபது நிமிஷம். வந்தது என் மச்சான்தான். அவளைத் தூக்கி விலக்கவேண்டியிருந்தது. அவள் உங்களிடம் என்ன எழுதிக் கொடுத்தாள் என்று எனக்குத் தெரியும். நான்தான் பார்க்கவில்லை, மாஸ்டர் பிரேக் போட்டார், அவர் மட்டும் இல்லையென்றால் இன்னும் மோசமாகியிருக்கும் என்று. அதன் கீழே சாட்சிக் கையெழுத்துப் போட்டது நான். அவள் இனி காரைத் தொடமாட்டேன் என்கிறாள், வேலையும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. நேற்று வீட்டுக்கே போய், இதெல்லாம் எல்லாருக்கும் நடப்பதுதான் சிஸ்டர் என்று ஆறுதல் சொல்லிவிட்டு வந்தேன். அவள் அப்பா படுக்கையிலிருந்தே என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

அங்கிருந்து நேராகப் பெஞ்சுக்குப் போனேன். கேட்டார்கள், சொன்னேன். சோகமாகத்தான் சொல்ல ஆரம்பித்தேன். ஆனால் கதை நன்றாக அமைந்துவிட்டது சார், அதற்கு நான் என்ன செய்ய. குடையைத் தூக்கிய இடத்தில் லாரிக்காரரே தன்னை மறந்து சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். மச்சான் மட்டும் சிரிக்கவில்லை.

“அந்தம்மாவை எந்த இடத்துல மாமா கண்ணாடி பாக்கச் சொன்னீங்க?”

“வேலி முனையில.”

“ஏணிக்காரன் வந்தப்பவும் அதேதான சொன்னீங்க. சலூன்காரருக்கும்.”

அவன் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனான். உங்களிடம்தான் வந்திருப்பான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவன் வேலை அப்படி. சிஸ்டரை விட்டுவிடுங்கள். அவள் கியர் மாற்றுவதைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும், தங்கமான கை. தேர்வுக்கு அனுப்பினால் முதல் தடவையிலேயே பாஸாவாள்.

பிரேக்கில் கோளாறு இருந்ததா என்று கேட்டீர்கள். இல்லை, கழற்றிப் பார்த்திருப்பீர்கள். வயசாகிவிட்டதால் கால் தாமதித்ததா என்றும் கேட்டீர்கள். அது மட்டும் எனக்குப் பொறுக்கவில்லை. முதலிலேயே சொன்னேனே, அந்தக் கால் என் பேச்சைக் கேட்காது, பொம்மை சைக்கிளுக்கே மிதிக்கும். அன்றும் குடை தெரிந்தவுடனே அது கிளம்பிவிட்டது. நான்தான் இரண்டு கையாலும் முழங்காலை இறுக்கிப் பிடித்துத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நொடி. கொஞ்சம் கூட இருக்கலாம்.

எழுதிக்கொண்டீர்களா? நல்லது. அதற்கு மேலே ஒரு வரிக்கு இடம் இருந்தால் இதையும் சேர்த்துவிடுங்கள். இருபத்திரண்டு வருஷத்தில் என் கையால் ஒரு விபத்துகூட நடந்ததில்லை.